ஜஸ்டஸ் வீட்டுக் கணினி

கறுப்புத் திரையில் வெள்ளையாய் ஒரு வரி, அனிற்றா, நீதானே, என்று வந்து நிற்கிறது, அனிற்றா விசைகளிலிருந்து கையை எடுக்கிறாள், பெங்களூர் விடுதியில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெளியே யாரோ துணி உதறிக் காயப்போடுகிறார்கள், அவளோ அங்குள்ள கணினி வழியே நாகர்கோவிலில், ஜஸ்டஸின் வீட்டுக்குள், யாரையும் கேட்காமல் நின்றுகொண்டிருக்கிறாள், விவாகரத்தாகி ஒரு மழைக்காலம் போன பிறகும். அந்தக் கணினியை அங்கே வைத்தவளே அவள்தான், உள்ளங்கையளவுப் பெட்டி, லினக்ஸ் போட்டு, சமையலறைப் பரணில் ஏற்றினாள், கீபோர்டு இல்லை, மவுஸ் இல்லை, மானிட்டர் இல்லை, கரண்டுக்கு ஒரு ஒயர், நெட்டுக்கு ஒரு ஒயர், அவ்வளவுதான், இதுக்கு மூஞ்சியே இல்லியே, எப்பிடிப் பேசதுக்கு, என்றான் ஜஸ்டஸ், எங்க இருந்தும் பேசலாம், சாவி இருந்தாப் போரும் என்றாள், சாவி என்பது ஒரு சின்னக் கோப்பு, அவள் லேப்டாப்பில் ஒன்று, அவன் போனில் ஒன்று, உள்ளே வந்திருப்பவருக்கு எழுதி அனுப்பும் வித்தையையும் சொல்லிக்கொடுத்தாள், மாடியிலிருந்து, சாயா கிடைக்குமா, என்று அனுப்புவான், கீழே வேலைக்கு நடுவே அவள் திரையில் வந்து விழும், சிரிப்பாள், அந்தச் சிரிப்பு எப்போது நின்றது, பெங்களூர் வேலையை அவள் விடமாட்டேன் என்றபோதா, ஊரை அவன் விடமாட்டேன் என்றபோதா, கோர்ட்டு வராந்தாவில் இருவரும் ஆளுக்கொரு தூணைப் பார்த்து நின்றார்கள், சாவியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

முதலில், அது ஓடுகிறதா என்று மட்டும்தான் பார்த்தாள், ஓடிக்கொண்டிருந்தது, அந்த வீட்டில் கரண்டு இருக்கிறது, அவன் இருக்கிறான், போதும், வெளியே வந்துவிடுவாள், பிறகு ஒருநாள், அவன் போனிலிருந்து தானாக வந்து சேரும் படங்களைத் திறந்தாள், முற்றத்துப் பலாமரம், அவனுடைய புதுக் கண்ணாடி, பிறகு சமையலறையில் ஒரு பெண்ணின் முதுகு, அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள், பார்த்துவிட்டு அவமானமாக இருந்தது, மறுநாளும் பார்த்தாள். இன்று அந்தப் பெண்ணின் முகத்தைத் தேடித்தான் வந்திருக்கிறாள், அதற்குள் இந்த வரி.

ஆமா, நான்தான், மன்னிச்சிரு, என்று தட்டுகிறாள், எனக்குத் தெரியும், என்று எழுதுகிறான் அவன், ஆபீசுல ஒருத்தன் பாத்துச் சொன்னான், யாரு எப்ப வந்தான்னு எல்லாம் அதுல பதிஞ்சிருக்குமாமே, கிறிஸ்மசுக்கு முன்னாடியே தெரியும். பின்ன ஏன் ஒண்ணும் கேக்கல்ல, என்கிறாள், திட்டட்டும், திட்டிவிட்டால் நல்லது என்று நினைக்கிறாள், கில்டாகிட்ட சொன்னேன், அடுத்த மாசம் எங்களுக்குக் கல்யாணம், அவதான், பாவம், பாத்துட்டுப் போட்டும், ஒண்ணும் கேக்காதீங்கன்னா, ஆனா இனி அவ இங்க இருக்கப்போறவ, சரியா வராது, எனக்கு அந்தச் சாவிய எடுக்கத் தெரியல்ல, நீயே எடுத்திரு அனிற்றா.

பாவம், காதுமடல் வரை எரிகிறது, திருடி என்றிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள், முகம் தெரியாத ஒருத்தி, இத்தனை மாதமாய் இவள் வருவது தெரிந்தே கதவைச் சாத்தாமல் விட்டிருக்கிறாள், பிச்சை போல.

சாவிகள் எழுதியிருக்கும் கோப்பைத் திறந்தாள், இரண்டே வரிகள், தன் வரியை அழித்தாள், எடுத்தாச்சு என்று எழுதினாள், சரி என்று வந்தது, அவன் போய்விட்டான். சாவி அழிந்தாலும் உள்ளே இருப்பவரை அது வெளியே தள்ளாது, அது அவளுக்குத் தெரியும், இன்னும் உள்ளேதான் இருக்கிறாள், தனியாக, படங்கள் ஒரு சொல் தூரத்தில், அந்தச் சொல்லைப் பாதி தட்டினாள், ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள், வெளியேறினாள். லேப்டாப்பை மூடப்போனவள், மூடாமல், இனி உள்ளே போக முடியாதுதானே என்று பார்ப்பதற்காக, ஒருமுறை திரும்பத் தட்டினாள், அனுமதி இல்லை என்றது. இந்தத் தட்டலும் அங்கே பதிந்திருக்கும் என்பது அப்புறம்தான் உறைத்தது.