ஏறாத வளையல்

வளையல் ஏறவில்லை. என் மனைவி உமாராணி என்னை முறைத்தாள். “அளவு வளையல் குடுத்துத்தானே அனுப்புனேன்?”

கடைக்கு அனுப்பினால் எதையாவது மாற்றி வாங்கி வருகிறவன் என்ற பேர் எனக்கு ஏற்கெனவே உண்டு. அமீரகத்தின் அல் ஐனில் எங்கள் ஒற்றை அறை வீட்டில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஏழாம் மாத வளைகாப்பு. ஊரிலிருந்து யாரும் வர வழியில்லை. வளையல் போட்டுவிட வந்திருந்தது பக்கத்து வீட்டு ஈசா அம்மா. கீழக்கரைக்காரர். கல்யாணத்துக்கு முன் பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவர்.

சோப்புப் போட்டும் நகரவில்லை. ஈசா அம்மா பழைய அளவு வளையலையே போட்டுப் பார்த்தார். அதுவும் ஏறவில்லை. உமாவின் புறங்கையைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது.

“தலை வலிக்குதாம்மா?”

“நாலு நாளா. வெயிலுன்னு நெனச்சேன்.”

“கண்ணு முன்னால பூச்சி பறக்குதா?”

உமா தலையாட்டினாள். முகம் பூரித்துவிட்டது என்று போனில் அம்மாவிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தவன் நான்.

“சேது தம்பி, வண்டிய எடுங்க.”

“கார்டு இல்லையேக்கா.”

விசா புதுப்பிக்க வாங்கிய எங்கள் பாஸ்போர்ட்டுகள் நான்கு மாதமாகக் கம்பெனி ஆபீசில் கிடந்தன. பாஸ்போர்ட் இல்லாமல் ஹெல்த் கார்டு இல்லை. கார்டு இல்லாமல் ஆஸ்பத்திரியில் பதிய மாட்டார்கள். ஆபீசுக்கு அலைய எனக்கு லீவும் இல்லை, தனியாரில் காட்டக் காசும் இல்லை. தனியார் கிளினிக்கில் கர்ப்பம்தான் என்று உறுதி செய்ததோடு சரி, அப்புறம் ஒரு டாக்டரும் அவளைப் பார்க்கவில்லை.

“கார்டையா கேட்டேன்? வண்டிய எடுங்க.”

ஆஸ்பத்திரி கவுண்டரில் இருந்த பெண்ணும் கார்டைத்தான் கேட்டாள். நான் ஆங்கிலத்தில் தடுமாறிக்கொண்டிருக்க, ஒரு வார்த்தை ஆங்கிலமும் அரபியும் தெரியாத ஈசா அம்மா உமாவின் கையைத் தூக்கி மேஜைமேல் வைத்து அழுத்திக் காட்டினார். பின்னால் நின்ற சூடானி நர்ஸ் அந்தக் குழியைப் பார்த்தாள். சக்கர நாற்காலியோடு சுற்றி வந்தாள். கார்டைப் பற்றி அதன் பிறகு யாரும் கேட்கவில்லை.

பெண்கள் வார்டுக்குள் எனக்கு அனுமதியில்லை. ரத்த அழுத்தம் நூற்று எண்பது, வீட்டிலேயே இருந்திருந்தால் வலிப்பு வந்திருக்கும் என்று ஒரு மலையாளி நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். குழந்தையைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஈசா அம்மாவுக்கு என் ஆயுள் முழுக்கக் கடன்பட்டவன் என்று மட்டும் தோன்றியது.

கதவு ஒரு சாண் திறந்தது. ஈசா அம்மா மூடவிடாமல் காலைக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

“பேசாதீங்க தம்பி. கேளுங்க.”

உள்ளே ஏதோ மெஷினிலிருந்து, ஏழு மாதத்தில் முதல் தடவையாக என் காதில் விழும்படி, அந்தச் சின்ன நெஞ்சு வேகவேகமாக அடித்துக்கொண்டிருந்தது.