பாதித் தட்டு

அன்று காலை சேனாதிபதி இன்னும் ஒரு கரண்டி சோறு கேட்டார். ஜோதிமணி தரவில்லை. அதற்குப் பதிலாக உருளைக்கிழங்குப் பொரியலை இரண்டு கரண்டி அள்ளி வைத்தாள்.

"சோத்தக் கண்ணுலயாவது காட்டு புள்ள," என்றார் அவர்.

"சக்கரைய வச்சுக்கிட்டு வாயக் கட்டலன்னா எப்படிங்க? படத்துல உள்ளபடிதான்."

"படம் வரைஞ்சவன் மன்னவனூருக்கு பஸ் ஏறினதே இல்ல போல. கத்திரிக்காயும் வெண்டைக்காயுமாப் போட்டு வச்சிருக்கான்."

"நம்ம ஊருக் காய் நமக்கு. வெரசாத் தின்னுங்க, மண் அணைக்கிற சோலி கெடக்கு."

அந்தப் படத்தை மூன்று மாதங்களுக்கு முன் நர்ஸ் நதியா கொடுத்திருந்தாள். வட்டமாக ஒரு தட்டு. பாதி பச்சை, அதில் காய்கறிகள். மீதியில் ஒரு கால் சோறு, இன்னொரு கால் முட்டையும் பருப்பும். ஜோதிமணி அதை அடுப்படிச் சுவரில் ஒட்டி, அவருடைய எவர்சில்வர் தட்டிலும் ஆணியால் கோடு கீறிக்கொண்டாள். சோறு ஒரு பருக்கைகூடக் கோட்டைத் தாண்ட விடமாட்டாள். பச்சைப் பாதியில் தினமும் உருளைக்கிழங்கு இருந்தது. கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் எல்லாம் லாரியேறிவிடும். மண்வெட்டி பட்ட கிழங்கை மட்டும் வியாபாரி எடுக்கமாட்டார். அதுதான் எல்லா வீட்டு அடுப்படிக்கும் காய்.

சேனாதிபதி மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டுக் கிழங்குக் காட்டுக்குப் போனார். பத்து மணிக்குப் பக்கத்துக் காட்டு செல்வமுருகன், அவர் வரப்பில் விழுந்துவிட்டார் என்று ஓடி வந்தான். ஜீப் பூம்பாறையைத் தாண்டும்போதே அவர் கை குளிர்ந்துவிட்டது. கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் மாரடைப்பு, வழியிலேயே உயிர் போய்விட்டது என்றார்கள்.

எட்டு மாதம் கழித்துப் பள்ளிக்கூடத்தில் சர்க்கரை நோய் முகாம் நடந்தது. நதியா பெரிய துணியில் அதே தட்டை வரைந்து தரையில் விரித்தாள். கூடையில் காய்களை வைத்து, எது எந்தப் பங்கு என்று பெண்களையே எடுத்து வைக்கச் சொன்னாள். சண்முகவள்ளி முதல் ஆளாக எழுந்து உருளைக்கிழங்கைப் பச்சையில் வைத்தாள். நதியா அதை எடுத்துச் சோற்றுப் பக்கம் நகர்த்தினாள்.

"கெழங்கு சோத்தோட சேத்தி அக்கா. இதத் தின்னா சோத்தக் கொறைக்கணும்."

"அப்ப நாங்க காயே திங்கிறதில்லன்னு சொல்லுங்க," என்றாள் சண்முகவள்ளி. எல்லோரும் சிரித்தார்கள்.

ஜோதிமணி சிரிக்கவில்லை. "நர்சம்மா, மூணு மாசம் அவருக்குப் பாதித் தட்டுக்கு இதத்தான் வச்சேன். கடைசியாக் கேட்ட சோத்தக் குடுக்காம இதத்தான் அள்ளி வச்சேன். நாந்தான் கொன்னுட்டேனா?"

நதியா அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"பன்னெண்டு வருசச் சக்கரை அக்கா அவருக்கு. பீடி வேற. மூணு மாசக் கெழங்குதான் காரணம்னு எந்த டாக்டரும் சொல்ல மாட்டாங்க. அது ஒண்ணுமே செய்யலன்னு நானும் பொய் சொல்லல. படத்தக் குடுத்தேன், உங்க வீட்ல காய்னா என்னன்னு ஒரு வார்த்த கேக்கல. அது என் தப்பு."

ஜோதிமணி தனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. ஆறுதலும் வரவில்லை.

"எங்க வீட்லயும் பாதிக்குக் கெழங்குதான் மதினி," என்று சண்முகவள்ளி மெதுவாகச் சொன்னாள். "இப்பவும் அதத்தான் வதக்கி வச்சுட்டு வந்திருக்கேன்."

"அண்ணன் எத்தன மணிக்குச் சாப்பிட வருவாரு?" என்றாள் ஜோதிமணி.

"இந்நேரம் வந்திருப்பாரு."

"அப்ப ஏன் இங்க உக்காந்திருக்க? ஓடு. லாரிக்குக் கட்டுன மூட்டையப் பிரிச்சு ஒரு கோசு எடு. கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு. கெழங்க எடுத்துட்டு, சோறு கேட்டாருன்னா ஒரு கரண்டி சேத்தே வையி. தினம் வேண்டாம், இன்னிக்கு மட்டும்."

சண்முகவள்ளி செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். ஜோதிமணி கூடையிலிருந்த பீன்ஸைப் பச்சைப் பாதியில் பரப்பி வைத்தாள். அந்தப் பாதி நிரம்ப நேரமாயிற்று.

பிறகு வீட்டுக்கு நடந்தாள். வழியில் அவர் காடு. செல்வமுருகன் குத்தகைக்கு எடுத்திருந்தான். இந்தப் போகமும் உருளைக்கிழங்குதான் போட்டிருந்தான்.