கயிற்றில் சிவப்புத் துண்டு

அனீசா அக்காவிடம் திட்டு வாங்காமல் புக்கிட் லாங்சாட் மலையில் ஏறி இறங்கியவர் யாருமில்லை. கோலா கெத்திலைத் தாண்டி, ரப்பர் எஸ்டேட் வழியாக ஏறினால் பாதி மலையில் ஓடையோரமாக ஒரு சமதரை வரும். அங்கேதான் முகாம். மாதம் ஒரு சனி ஞாயிறு காளிதாசனும் அவருடைய தொண்டர்களும் அதை நடத்துவார்கள். சம்பளம் கிடையாது. டீ உண்டு, அதையும் அவர்களேதான் போட்டுக்கொள்ள வேண்டும். மலையேற வருகிறவர்களுக்குக் குடிதண்ணீர், கஞ்சி, கால் கொப்புளத்துக்கு மருந்து, வழி தவறினவனைத் தேடிப் போவது என்று அத்தனையும் இவர்கள் தலையில்.

வருகிறவர்களோ மகாராஜா வம்சம். 'அக்கா' என்று வாய் நிறைய ஒரு தடவை கூப்பிட்டுவிட்டால் போதும், அந்த அக்காவின் முதுகில் ஏறி உட்கார்ந்துகொள்ளலாம் என்று நினைப்பு. அக்கா, என் போனைச் சார்ஜில் போடுங்க. அக்கா, என் சாக்ஸைக் காயப்போடுங்க. அக்கா, என் லவ்வர் ரெண்டு நாளாகப் பேசவில்லை, என்ன செய்யட்டும்?

தொண்டர்களில் ஒருத்தியான அனீசா முதுகைக் கொடுக்கிற ரகம் இல்லை. "நான் உனக்கு அக்காதானே? அப்ப அக்கா சொல்றதைக் கேளு. உன் சாக்ஸை நீயே பிழி. பிழிஞ்ச தண்ணிய ஓடையில ஊத்தின, தொலைச்சுப்புடுவேன்" என்பாள். மீசை வைத்த ஆண்பிள்ளைகள் கூட வாயை மூடிக்கொண்டு சாக்ஸைப் பிழிவார்கள்.

முகாமில் ஒரு கட்டுப்பாடு இருந்தது, அதுவும் அவள் கொண்டுவந்ததுதான். தொண்டர்களின் கூடாரக் கயிற்றில் சிவப்புத் துண்டு தொங்கினால் கிட்டே போகக் கூடாது. தொங்காவிட்டாலும் வெளியே நின்று குரல் கொடுக்க வேண்டும், உள்ளிருந்து பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். காசில்லாமல் உழைக்கிறவனுக்கு ஒரு துண்டு மறைவாவது வேண்டாமா? ஆனால் இதை வருகிறவர்கள் மண்டையில் ஏற்றுவதற்குள் அவளுக்குத் தொண்டை கட்டிவிடும்.

அவள் ஏன் இப்படி மாதா மாதம் மலையேறி வந்து தொண்டை கட்டிக்கொள்கிறாள் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. மெர்கோங்கில் அவள் கணவர் ஃபிரோஸுக்குச் சோறும் கறியும் விற்கிற நாசி கண்டார் கடை. கல்லாவில் இருபது வருஷம் உட்கார்ந்து அந்தக் கடையை நிமிர்த்தியவள் அவள்தான். பிறகு மார்பில் கட்டி வந்தது. அறுவை நடந்தது, மருந்து ஏற்றினார்கள், பிழைத்தும் விட்டாள். ஆனால் கடைக்கு வருகிறவர்கள் அவளிடம் கறி கேட்பதை விட்டுவிட்டார்கள். தலையைச் சாய்த்து, குரலைத் தாழ்த்தி, "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டார்கள். ஃபிரோஸ் தண்ணீர்க் குடத்தைக்கூடத் தொட விடவில்லை. நல்ல மனிதர்தான். அந்த நல்லதில்தான் அவளுக்கு மூச்சு முட்டியது.

மலையில் அது ஒன்றும் இல்லை. ஓடையிலிருந்து இரண்டு கையிலும் கைப்பிடி வைத்த தண்ணீர்த் தோம்பு தூக்கி வருவாள். "அக்கா, உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்று முணுமுணுப்பார்கள். அந்த முணுமுணுப்பைக் கேட்கத்தான் வந்தாள். மருந்தில் உதிர்ந்த முடி சரியாகத் திரும்பவில்லை. அங்கங்கே கொத்துக் கொத்தாக முளைத்து, நடுவில் வெறுமையாக நின்றுவிட்டது. தூடோங் கட்டித் தலையை மூடுகிறவள் ஆனதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மலைக்கு விட மாட்டேன் என்று நின்ற ஃபிரோஸிடம் சண்டை போட்டுத்தான் இதை வாங்கினாள். "முடியலன்னா ஒரு போன் போடு, வந்து கூட்டிக்கிறேன்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்புவார். ஒரு தடவைகூட அவள் போட்டதில்லை.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் மழை கொட்டித் தீர்த்தது. கஞ்சிப் பானைக்கு மேல் கட்டியிருந்த தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றதில் அனீசா தொப்பலாக நனைந்துவிட்டாள். கயிற்றில் சிவப்புத் துண்டைப் போட்டுவிட்டு உள்ளே போய், தூடோங்கை அவிழ்த்துத் தலையைத் துவட்டினாள். கூடாரத்தின் ஜிப் சர்ரென்று மேலேறியது.

"அக்கா, நான்தான் லா! பிளாஸ்டர் இருக்கா?"

ரூபினி. கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் வேலை பார்க்கும் பெண், இருபத்தாறு வயது, மாதம் தவறாமல் வருகிறவள். இடுப்பைத் தாண்டும் சடை. அடுப்புப் பக்கம் வந்தால், "அந்தச் சடைய முடிஞ்சு போடு, தீப்பிடிச்சா நான் பொறுப்பில்ல" என்று அனீசா அதட்டுவாள். அதட்டிவிட்டு ஒரு நிமிஷம் அந்தச் சடையைப் பார்த்தும் நிற்பாள்.

"துண்டு போட்டிருக்கேன்ல?"

"அது ஆம்பளைங்களுக்குத்தானேக்கா..." என்றவள் பாதியில் நிறுத்தினாள். அனீசாவின் தலையையே பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து கட்டிப்பிடித்துக்கொண்டு, "என்னக்கா இது? ஏங்க்கா சொல்லல?" என்று விசும்பினாள்.

விரட்டியிருக்க வேண்டும். அனீசா பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தாள், அந்த நிமிஷமே விரட்டியிருக்க வேண்டும். ஆனால் ஒரு பெண் தன் தோளில் முகம் புதைத்து அழும்போது யாருக்குக் கை வரும்? ஈரத் தூடோங்கை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள். கட்டி, அறுவை, மருந்து ஏற்றிய நாட்களில் வாயில் ஊறிய இரும்பு ருசி எல்லாம். ஃபிரோஸிடம்கூட அந்த ருசியைச் சொன்னதில்லை. சொன்னபோது கொஞ்சம் இலேசாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

"யார்கிட்டயும் சொல்லாத, ரூபினி. இங்க யாருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா நான் இங்க வர்றதுக்கு அர்த்தமே இல்ல."

"அம்மா சத்தியமா சொல்ல மாட்டேங்க்கா."

அடுத்த மாதம் அனீசா முகாமுக்கு ஏறி வந்தபோது வழக்கமான கூச்சலே இல்லை. எல்லோரும் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொரு சட்டையிலும் மார்பகப் புற்றுநோய்க்காரர்களுக்காகக் குத்துகிற இளஞ்சிவப்பு ரிப்பன். நடுவில் ஒரு சாய்வு நாற்காலி, புதுசு, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. இந்தக் கல்லிலும் வேரிலும் அதை யார் தூக்கி வந்தார்களோ!

"அக்கா!" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தது ஒரு மொட்டைத் தலை. சந்தனம் பூசியிருந்தது. சிரிப்பைப் பார்த்த பிறகுதான் அது ரூபினி என்று புரிந்தது.

"உங்களுக்காக முருகன் கோயில்ல வேண்டிக்கிட்டேங்க்கா. போன வாரம் முடிய இறக்கிட்டேன். அம்மா ஒரே அழுகை. நான் சொன்னேன், எங்க அக்காவுக்காகன்னு."

எல்லோரும் கைதட்டினார்கள். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். போன்கள் உயர்ந்தன. சத்தியம் செய்த வாயால் ஊருக்கே பறையடித்துவிட்டு, இடுப்புச் சடையைக் கொண்டுபோய்க் கோயிலில் கொட்டிவிட்டு வந்து நிற்கிறாள். இவளை எப்படித் திட்டுவது? திட்டினால் அந்தக் கூட்டத்தில் யார் மனுஷி, யார் பேய்?

"ஏன்டி சொன்ன?" என்று காதோடு மட்டும் கேட்டாள்.

"சொன்னாத்தானேக்கா எல்லாரும் உங்களப் பார்த்துக்குவாங்க!" ரூபினியின் முகத்தில் கள்ளம் துளியும் இல்லை. "தொட்டுப் பாருங்கக்கா. இப்ப ரெண்டு பேரும் ஒன்னு."

அவளே அனீசாவின் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். சந்தனத்துக்கு அடியில் உள்ளங்கையில் குத்தியது. ஒரு வாரத்துக்குள் தலை முழுக்க, ஒரு இடம் விடாமல், முளை கிளம்பியிருந்தது. போட்டோ எடுத்தார்கள். அனீசா சிரித்தாள். நன்றி என்றும் சொன்னாள், சொல்லித்தானே ஆக வேண்டும்.

தோம்பைத் தேடி ஓடைப் பக்கம் போனாள். காளிதாசன் குறுக்கே வந்தார். "அனீசாம்மா, தண்ணி இனிமே பையன்கள் பார்த்துக்குவாங்க. ஒன்னு கிடக்க ஒன்னு ஆச்சுன்னா நான்தானே பதில் சொல்லணும்? முதல்லயே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்." அடுத்த மாதத்திலிருந்து மலை ஏற வேண்டாம், அடிவாரத்தில் பெயர் பதிகிற மேசையில் உட்கார்ந்தால் போதும் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை. அதனால் இன்னும் எரிந்தது.

அடுப்புக்குப் போனாள். கரண்டி ஏற்கெனவே ஒருத்தி கையில் இருந்தது. கூடாரத்துக்குப் போய்ச் சிவப்புத் துண்டைக் கயிற்றில் போட்டு உள்ளே படுத்தாள். உடனே ஜிப் திறந்தது, ஒருத்தி பழம் நீட்டினாள். மூடிப் படுத்தாள், இன்னொருத்தி தலையணை கொண்டுவந்தாள். வெளியே நின்று ஒருவரும் குரல் கொடுக்கவில்லை. நோயாளி கிடக்கிற அறைக்கு யார் கதவைத் தட்டிவிட்டு வருகிறார்கள்?

வெளியே வந்து பார்த்தால், ஓடையில் குடிதண்ணீர் பிடிக்கிற இடத்துக்கு மேலே நின்று ஒருத்தன் சோப்புப் போட்டுக் குளித்துக்கொண்டிருந்தான். அனீசாவுக்கு உயிர் வந்தது.

"டேய்! அறிவிருக்கா உனக்கு? அந்தத் தண்ணியத்தான் கீழ அத்தனை பேரும் குடிக்கிறாங்க! ஏறுடா கரைக்கு!"

போன மாதமாக இருந்தால் அவன், "ஏறுறேன் லா, கத்தாதீங்க" என்று முறைத்துக்கொண்டு ஏறியிருப்பான். இப்போது சோப்பு நுரையோடு ஓடி வந்தான். அவள் முழங்கையை மெல்லப் பிடித்தான். "சாரிக்கா, சாரிக்கா. டென்ஷன் ஆகாதீங்க, உங்க உடம்புக்கு ஆகாது. வாங்க, உட்காருங்க." தலையைச் சாய்த்து, குரலைத் தாழ்த்திப் பேசினான். மெர்கோங் கடை வாடிக்கையாளர்கள் பேசுகிற அதே குரல், ஒரு இழை மாறவில்லை.

அனீசா நாற்காலியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, போன் சிக்னல் எடுக்கிற பாறைக்கு ஏறிப் போனாள்.

"என்னங்க, வந்து கூட்டிட்டுப் போங்க."

கடை இரைச்சலுக்கு நடுவே ஃபிரோஸின் குரல் பதறியது. "உடம்புக்கு என்ன செய்யுது?"

"உடம்புக்கு ஒன்னும் இல்ல."

"சும்மா சொல்லாத. நான் அப்பவே சொன்னேன்ல? அங்கேயே உட்காரு, எதையும் தூக்காத. இப்பவே கிளம்புறேன்."

இறங்கும்போது அவளைத் தனியே விடவில்லை. அவள் பையைச் சுமந்துகொண்டு முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன், பக்கத்தில் கையை விடாமல் மொட்டைத் தலையோடு ரூபினி. "பார்த்துக்கா, வேரு. பார்த்துக்கா, கல்லு." பாதையோரம் எவனோ மிட்டாய்த் தாளைப் பிரித்துக் கீழே போட்டான். அனீசா பார்த்தாள், தாண்டி நடந்தாள். அதற்கப்புறம் அந்த மலையில் ஒருவரும் திட்டு வாங்கவில்லை.