பழைய கிளப்புக்கு ஒரு கும்பிடு

லீகில் மொத்தம் பத்து கிளப்புகள். ஒன்பதின் ஜெர்சியை அவன் போட்டுவிட்டான். பத்திரிகைகள் அவனை 'அனுபவம் மிக்க ஃபார்வர்டு' என்றன. சக ஆட்டக்காரர்கள் 'சூட்கேஸ்' என்றார்கள்.

கால்பந்தில் ஒரு மரியாதை உண்டு. பழைய கிளப்புக்கு எதிராகக் கோல் போட்டால் கொண்டாடக் கூடாது. எதிரணி கேலரியைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு, துக்க வீட்டுக்கு வந்தவன்போல் நடக்க வேண்டும். அவனுக்கு எல்லாமே பழைய கிளப். கோல் போட்டுச் சிரித்து வருஷக்கணக்காகிறது.

கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள் கோச் சொன்னார்.

"ஒரு கோல் போட்டுடுப்பா. ரெண்டு வருஷம் இங்கயே இருக்கலாம். முதலாளிகிட்ட பேசிட்டேன்."

வீட்டு ஹாலில் போன மாற்றலின் அட்டைப்பெட்டிகள் பாதி பிரிக்காமல் கிடந்தன. மனைவி அவற்றின் மேல் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"போன ஊர்லயும் இதேதான் சொன்னீங்க."

"இந்தத் தடவை நிஜம்."

"அதையும் சொன்னீங்க."

மகள் கேட்டாள். "நாளைக்கு யாரோடப்பா?"

"நான் ஆடாத ஒரே கிளப்."

"அப்ப கோல் போட்டா என்னைப் பார்த்துக் கையாட்டலாம்ல? போட்டுடுப்பா. இந்த ஸ்கூல்லதான் எனக்கு ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்க."

"ஆட்டறேன்டா கண்ணு."

ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு கார்னர். பந்து அவன் முழங்காலில் பட்டு உள்ளே போனது. மறுநாள் பத்திரிகைகள் அதைத் துல்லியம் என்றன.

திரும்பினான். கேலரியில் மகள் எழுந்து நின்றிருந்தாள். அவன் கைகள் தாமாக எழுந்தன. எதிரணி கேலரியைப் பார்த்துக் கூப்பிக்கொண்டன. தலையும் குனிந்துவிட்டது. பழக்கதோஷம்.

கட்டிப்பிடிக்க ஓடிவந்த கேப்டன் பாதியில் நின்றான்.

"டேய் சூட்கேஸ், இவனுங்க டீம்ல எப்படா ஆடின?"

"ஆடலடா."

"அப்ப இனிமேதான் ஆடப்போற."

முதலாளிக்கும் அதே யோசனை வந்தது. போகிறவனுக்கு எதற்கு இரண்டு வருஷம் என்றார். கோச் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கை தவறிவிட்டது என்ற விளக்கத்தை அவரே நம்பவில்லை.

காலையில் ஏஜென்ட் போன் செய்தான்.

"பத்தாவது கிளப் கூப்பிடுது சார். நீங்க கும்பிட்டதுல அவங்க ரசிகர்கள் உருகிட்டாங்களாம். ஒரு வருஷம் பேசி வச்சிருக்கேன். கால்லயும் விழுந்திருந்தீங்கன்னா மூணு வாங்கியிருப்பேன்."

மனைவி பிரித்த பெட்டிகளை மறுபடி நிரப்பினாள்.

"சத்தியமா தெரியாம கை போயிடுச்சு," என்றான்.

"நான் நம்பறேன். பாதிப் பெட்டிய நான் பிரிக்காம வச்சதும் தெரியாமதான்."

மகள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இனிமே நீ ஆடாத கிளப்பே இல்ல, இல்ல?"

"இல்லம்மா."

"அப்ப எப்பவுமே கையாட்ட மாட்டே."

பெட்டி ஒட்டும் டேப் சுருளை அவனிடம் நீட்டினாள். அதன் நுனியை அவன் நகத்தால் தேடினான். வெகுநேரம் தேடினான்.