ஒரு நாளும் தவறாத தட்டு

"தூங்கட்டும்னு விட்டேனே, பாவி!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டே மகளுக்குப் பின்னால் படியேறினாள் லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி. கீழே வார்டில் அவள் புருஷன் வெள்ளைத் துணிக்குள் கிடந்தார். காலையில்தான் உயிர் போனது. வீட்டுக்குக் கொண்டுபோக வண்டி வருவதற்குள், மகள் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

கதிர்வீச்சு சிகிச்சைக்குப் போகவேண்டிய ஒரு காலையில், அசந்து தூங்கியவரை அவள் எழுப்பவில்லை. அந்த ஒரு நாளில்தான் புற்றுக்கட்டி பிழைத்துக்கொண்டது என்று மாதக்கணக்காகப் புழுங்கியவள், இன்று எல்லோர் முன்னாலும் கொட்டிவிட்டாள்.

மகளுக்கு அதே ஆஸ்பத்திரியின் மேல்மாடி ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. சம்மதம் வாங்கி அப்பாவின் கட்டியிலிருந்து எடுத்த துணுக்கை அங்கேதான் வளர்த்தார்கள். உள்ளங்கையளவு தட்டு ஒன்றை நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள்.

"பாரும்மா."

அடேயப்பா! பளபளவென்று எத்தனை உயிர்கள், இடமில்லாமல் முண்டியடித்துக்கொண்டு! ஒன்று இடுப்பு சிறுத்து இரண்டாகும் தறுவாயில் இருந்தது. புருஷனைக் கொண்டுபோனது இதுதான் என்று தெரிந்தும் அவளுக்குக் கோபம் வரவில்லை. இன்னும் குனிந்து பார்த்தாள்.

"இது... அவரா?"

"அவரோடதுதான். கதிர் பட்டா உள்ள இருக்கிற மரபணு இழை அறுந்துடும். உடனே செல்லுக்குள்ள சேதி பறக்கும், 'பெருகுறத நிறுத்து, முதல்ல அறுந்தத ஒட்டு'ன்னு. ஒட்டினதும் மறுபடி பெருகும். 'செத்துப்போ'ன்னு சேதி வந்தா, இதுங்க காதுலயே போட்டுக்காது."

"அவரு பிடிவாதம் அப்படியே இருக்குடி." நின்றுபோன லிஃப்டை ஓட்டிக்காட்டாமல் சோற்றில் கை வைக்காத மனுஷன். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"அப்பாவுக்குக் குடுத்த மாதிரியே இந்தத் தட்டுக்கும் கதிர் குடுத்தோம்மா. ஒரு நாள்கூடத் தவறல. அப்படியும் இத்தனை பிழைச்சிருக்கு."

"ஒரு நாள்கூடவா?"

"ஒரு நாள்கூட."

"அப்ப அன்னிக்கு அவரு தூங்கினது..."

"நல்லாத் தூங்கினாரும்மா. அவ்வளவுதான்."

அம்மா முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள்.

மகள் தட்டைச் செல் வளர்க்கும் பெட்டிக்குள் வைத்து உள்கண்ணாடிக் கதவைச் சாத்தினாள்.

"உள்ள சூடா இருக்குமா?"

"நம்ம உடம்புச் சூடு."

அம்மா அந்தக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். வண்டி வந்துவிட்டதென்று கீழேயிருந்து ஆள் வந்து கூப்பிட்டான். அவள் கையை எடுக்கவில்லை.