ஓட்டுநர் பக்கத்து ஏறுபடி

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தன் பெண்டாட்டியின் பிக்கப் வண்டியைக் கழற்ற ஆரம்பித்தபோது, "ரெண்டே மாசம், புதுசா வந்து நிக்கும்" என்றார். அந்த ரெண்டு மாதத்துக்குள் அவர்கள் மகள் படிப்பை முடித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் செய்துகொண்டு வேறு ஊருக்கே போய்விட்டாள். வண்டி மட்டும் கொட்டகைக்குள் மரக்கட்டைகள்மேல் சக்கரமில்லாமல் குந்தியிருந்தது.

வண்டி அவளுக்கு அப்பா விட்டுப்போனது. அவள் செடிப் பண்ணை வைத்திருந்தாள். மண், தொட்டி, எரு மூட்டை எல்லாம் அதில்தான் போய்வந்தன. அது கட்டைமேல் ஏறியதிலிருந்து அவள் ஒரு வாடகை வண்டிக்காரனின் தாடையைப் பிடித்துக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவனோ ரோஜாச் செடியையும் செங்கல்லையும் ஒரே மாதிரி இறக்குவான். தன் வண்டி தனக்குத் திரும்பி வந்தால் போதும், வேறு சொர்க்கம் வேண்டாம் என்கிற நிலைக்கு அவள் வந்திருந்தாள்.

கம்பெனியை விட்டு வெளியே வந்த அன்று வண்டி எப்படி இருந்ததோ, அச்சு அசலாக அப்படியே இருக்கவேண்டும் என்பது கணவரைப் பிடித்திருந்த பேய். பழைய வண்டிக்காரர்கள் சங்கம் ஒன்று இருந்தது. முழு மதிப்பெண் வாங்கும் வண்டிக்கு அது ஒரு சான்றிதழ் தரும். "அது மட்டும் கைக்கு வரட்டும், வண்டி உனக்குத்தான்" என்று சொல்லியிருந்தார். கடையில் பிறத்தியார் கண்ணைச் சோதிக்கிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் கொட்டகையில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு திருகாணித் தலைகளைப் பார்த்தார். அந்த மாடலைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்று தலைமாட்டிலேயே இருந்தது. அதில் இல்லாத எதுவும் வண்டியில் இருக்கக்கூடாது.

அப்பா மாட்டிய இரண்டாவது ஹாரன் முதலில் போனது. பிறகு குடை மாட்டும் கொக்கி, வெற்றிலைத் தட்டு. ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்துக் கடைசியில் ஓட்டுநர் கதவுக்குக் கீழே இருந்த இரும்பு ஏறுபடியில் வந்து நின்றார்.

"இது உங்க அப்பா பண்ணின ஒட்டு வேலைதானே?"

"ஒட்டு வேலையா? எனக்காக அவரே பட்டறையில உக்காந்து செஞ்சது. எனக்குக் கால் எட்டாது. அந்தப் பக்கக் கதவோ திறக்காது. அப்பா பக்கமாத்தான் ஏறுவேன்."

அவள் சொன்னது பெருமைக்கு. அவர் எடுத்துக்கொண்டது வாக்குமூலமாக. மறுநாளே ஏறுபடி கழன்றது, அது இருந்த ஓட்டைகளும் வெளியே தடம் தெரியாமல் அடைபட்டன. அவள் அன்று சண்டை போடவில்லை. இரும்பைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறையில் இரண்டு செங்கல்மேல் வைத்தாள். மேல் அலமாரியை எட்ட அன்றிலிருந்து அதுதான் அவளுக்குக் கால். ஆனால் மனது ஆறவே இல்லை. அப்பா நாக்கு கூசாமல் அளப்பவர், காசு விஷயத்தில் எச்சில் கையால் காக்காய் ஓட்டாதவர். அவர் அவளுக்கென்று கையால் செய்துகொடுத்தது அந்த ஒன்றுதான்.

ஒருவழியாகச் சங்கத்திலிருந்து பரிசோதகர் வந்தார். வெள்ளைக் கையுறை, பாக்கெட்டில் டார்ச் லைட், மாப்பிள்ளை பார்க்க வந்தவரின் முகம். கணவருக்கு வாயெல்லாம் பல். பரிசோதகர் பெயிண்டைப் பார்த்தார், தலையாட்டினார். எஞ்சினைப் பார்த்தார், தலையாட்டினார். பிறகு பாய் விரித்து வண்டிக்கடியில் போய்ப் படுத்தார். அங்கிருந்து குரல் மட்டும் வந்தது.

"ஓட்டையை அடைச்சிருக்கீங்களே சார். ஏறுபடி எங்கே?"

"அது கம்பெனியில வந்தது இல்லீங்களே. புத்தகத்துல எந்தப் படத்துலயும் இல்லையே."

"அந்தப் புத்தகமா?" வண்டிக்கடியில் ஒரு சிரிப்பு. "படம் எடுத்தவன் எல்லாப் படத்தையும் மறுபக்கம் நின்னு எடுத்திருக்கான். ஏறுபடி ஓட்டுநர் பக்கம் மட்டும்தான் வரும்."

கணவர் பேயறைந்தது போல நின்றார். பிறகு திரும்பினார், எல்லாக் கணவர்களும் திரும்புகிற திசையில். "நீதானே சொன்னே, உங்க அப்பா செஞ்சதுன்னு!"

"அப்பாதான் சொன்னாரு."

மூவரும் சமையலறைக்குப் போனார்கள். பரிசோதகர் வெள்ளைக் கையுறையோடு அடுப்படியில் மண்டியிட்டு, செங்கல்லிலிருந்து ஏறுபடியைத் தூக்கித் திருப்பினார். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தார். அடியில் கம்பெனி முத்திரை, ஐந்து இலக்க எண், எல்லாம் கல்வெட்டு மாதிரி இருந்தன.

"கம்பெனி உருப்படிதான்மா."

அவளுக்குச் செவிட்டில் அறை விழுந்தது போல இருந்தது. வண்டியோடு சும்மா வந்த இரும்பைக் காட்டி, 'உனக்காகச் செய்தேன் கண்ணு' என்று ஒரு சின்னப் பெண்ணிடம் பேர் வாங்கிக்கொண்ட மனிதரை என்ன சொல்வது? செத்தவரைத் திட்டக்கூடாது என்பார்கள். அவள் மனசுக்குள் நன்றாகவே திட்டினாள். திட்டத் திட்ட அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஆனா இது என்ன கூத்து?" பரிசோதகர் அளவு நாடாவை எடுத்திருந்தார். "தாங்குற கால் ரெண்டும் நீளமா இருக்கு. நடுவுல வெட்டி, பட்டைத் துண்டு வெச்சு ஒட்டியிருக்காங்க. நாலு விரல் கீழே இறக்கியிருக்கு. யாரோ குள்ளமா..." அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மீதியை விழுங்கினார்.

அவள் வாங்கிப் பார்த்தாள். ஒட்டு வேலை மகா கேவலம். காக்காய் எச்சம் போட்ட மாதிரி அங்கங்கே திரண்டு, ஒரு துண்டு கோணலாக வேறு நின்றது. காசு கொடுத்து எந்தப் பட்டறையிலும் இப்படிச் செய்து வாங்க முடியாது. இது அப்பாதான். முழுப் பொய் சொல்லவும் துப்பில்லாத மனுஷன் என்று நினைத்தாள், அழுதுகொண்டே சிரித்தாள்.

"இந்தத் துண்டை அறுத்தெடுத்துட்டுப் பழைய அளவுக்கு ஒட்டி மாட்டினா முழு மார்க்" என்றார் பரிசோதகர். "சின்ன வேலைதான். நான் டீ குடிச்சுட்டு இருக்கேன். இப்படியே மாட்டினா மார்க் போயிடும், சான்றிதழ் இல்லை."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடையுமா, உடையாதா? கணவர் ஏறுபடியையும் இரும்பறுக்கும் வாளையும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். அவளும் பின்னால் போனாள்.

"அறுங்க. நான் வேண்டாம்னு சொல்லலை" என்றாள். "சான்றிதழ் வந்தா வண்டி எனக்குன்னு சொன்னீங்க. நான் எப்படி ஏறுவேன்னு மட்டும் பாத்துக்கிட்டு அறுங்க."

வண்டி இப்போது சக்கரத்தின்மேல் நின்றது. அவள் கதவைத் திறந்தாள். புடவையைத் தூக்கிச் செருகி, இருக்கையின் ஓரத்தைப் பிடித்து, காலை வீசினாள். கால் எட்டவில்லை. எம்பினாள். முழங்கால் கதவு விளிம்பில் மோதியது. அம்மா என்று கத்திக்கொண்டு மறுபடி எம்பினாள். பாதி உடம்பு உள்ளேயும் பாதி வெளியேயுமாக, பின்பக்கம் வானத்தைப் பார்க்க, செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. டீ டம்ளரோடு வாசலில் வந்து நின்ற பரிசோதகர் நாகரிகமாக மேற்கூரையைப் பார்த்தார்.

கணவர் சிரிக்கவில்லை. திருகாணித் தலையில் முடியளவு கீறலைக் கண்டுபிடிக்கிற அந்தக் கண், இத்தனை காலம் கூடவே நடமாடிய ஆளின் உயரத்தை அப்போதுதான் அளந்தது. அவளைத் தூக்கி இறக்கிவிட்டார். குனிந்து செருப்பை எடுத்துக் காலருகே வைத்தார். பிறகு வாளை ஆணியில் மாட்டிவிட்டுத் துளைபோடும் மிஷினை எடுத்தார்.

"சார், அறுக்காமலா?" என்று பதறினார் பரிசோதகர். "மார்க் போயிடும். கம்பெனி அளவு இது இல்லை."

"கம்பெனிக்கு இவளைத் தெரியாதுங்க" என்றார் கணவர். மிஷினைப் போட்டார். இரவு பகலாகத் தேய்த்து மெருகேற்றிய சட்டத்திலிருந்து பெயிண்ட் தூள் தூளாகக் கொட்டியது.

பெண் பார்க்க வந்த அன்று கூட இந்த மனுஷன் இவ்வளவு நன்றாகப் பேசியதில்லை என்று அவள் நினைத்தாள்.

ஏறுபடி ஏறியது. பரிசோதகர் பேனாவை மூடிக்கொண்டு, கையுறையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, சாவு வீட்டிலிருந்து போகிறவர் போலச் சொல்லாமல் போனார். அவள் சேற்றுச் செருப்போடு ஏறுபடியில் கால் வைத்து, இருக்கையில் போய் உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பினாள். எஞ்சின் முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. அதில் மட்டும் அவர் வேலை சுத்தம்.

"எரு மூட்டை கொட்டகைக்குப் பின்னால இருக்கு. ஏத்துங்க" என்றாள்.

அவர் ஒரு மூட்டையைத் தோளில் தூக்கி வந்தார். வண்டியின் பின்தட்டு கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. மூட்டையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே ஓடி, ஒரு பழைய போர்வையை எடுத்து வந்து, பின்தட்டில் விரிக்கப் போனார். அவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அவரைப் பார்த்தாள்.

அவர் போர்வையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மூட்டையை ஏற்றினார்.