எல்லாவற்றுக்கும் இருபத்து நான்கு

என் கணவர் பல்ராம் லௌடோகா துறைமுக ஆபீசில் கிளார்க். வீட்டில் பல்பு போனால் "அஞ்சல!" என்று கூப்பிட்டு, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார், மேலே ஏறுவது நான். அப்படிப்பட்ட மனிதரை எலக்ட்ரீஷியன் என்று கனடாக்காரனை நம்பவைக்கக் கிளம்பினோம் என்றால், எங்கள் துணிச்சலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. முந்தைய வருஷம், எண்பத்தேழில், எங்கள் தீவு நாட்டில் ராணுவம் இரண்டு தடவை ஆட்சியைப் பிடித்தது. இந்திய வம்சாவளிக் குடும்பங்கள் நாட்டைவிட்டுக் கிளம்பியதில், நடபுவாவில் எங்கள் தெருவிலேயே மூன்று வீடு காலி. ஆபீசில் இவர் நாற்காலிக்கு வேறு ஆள் பார்ப்பதாகப் பேச்சு. மகள் ஷீனலுக்குப் பத்து வயது. இந்தக் கனடா விசா கிடைக்காவிட்டால் எங்களுக்கு வேறு வழி கிடையாது.

கனடாவில் குடியேற வேலைக்குத் தரும் மதிப்பெண் கிளார்க்குக்கு இல்லை, எலக்ட்ரிக் வேலைக்கு உண்டு என்றார் விசா ஏஜெண்ட் ஜிதேந்திரா. அந்த வேலையைப் பதினொரு வருஷமாகச் செய்வது நான். டவுனில் கன்னையா ரிப்பேர் கடையின் பின்பக்கம் உட்கார்ந்து தண்ணீர் கொதிக்கவைக்கும் ஜக், அயர்ன் பாக்ஸ் எல்லாவற்றுக்கும் கம்பிச் சுருள் மாற்றுகிறேன். ஆனால் எங்கள் வழக்கம் தெரியுமே, ஃபாரம் என்றால் மேல்வரியில் ஆம்பிளை பெயர்தான். ஜிதேந்திரா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பல்ராம் இங்கே பதினொரு வருஷம் வேலை செய்தார்" என்று அவரே டைப் அடித்து, கன்னையாவிடம் கையெழுத்தும் வாங்கி வந்துவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது. விசாவை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த வேலை, இவருக்குப் பாடம் நடத்துவது. எங்கள் ஜக்கை மேஜைமேல் வைத்தேன்.

"வோல்ட்ட ஆம்பால வகுத்தா ஓம். வோல்ட்டயும் ஆம்பயும் பெருக்குனா வாட். அவ்வளவுதாங்க. இந்த ஜக்கு 240 வோல்ட்டுல பத்து ஆம்ப் இழுக்குது. சொல்லுங்க பாப்போம்."

"இருபத்து நாலு ஓம். ரெண்டாயிரத்து நானூறு வாட்."

"எப்படி வந்துச்சு?"

"நேத்து நீதான சொன்ன?"

நேர்காணலுக்காகத் தலைநகர் சூவாவுக்குப் போகும் பஸ்ஸில் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். சோதனைச் சாவடியில் ஏறிய சிப்பாய் இவரைப் பார்த்து, பிரார்த்தனையா என்று கேட்டான். ஆமாம் என்றேன். அதில் பொய் ரொம்ப இல்லை.

கனடா விசா அதிகாரி சிட்னியிலிருந்து வந்து ஓட்டல் அறையில் உட்கார்ந்திருந்தார். சட்டை கசங்கியிருந்தது. மேஜைமேல் கருகிய அயர்ன் பாக்ஸ் ஒன்று கிடந்தது. கனடாவிலிருந்து புதிதாகக் கொண்டுவந்தது, நேற்று இங்கே முதன்முதலாகப் பிளக்கில் செருகியதும் புகைந்துவிட்டதாம்.

"நீங்கள் எலக்ட்ரீஷியன்தானே? 120 வோல்ட், 5 ஆம்ப் என்று போட்டிருக்கிறது. இதன் ரெசிஸ்டன்ஸ் என்ன? இங்கே 240-இல் செருகியபோது எத்தனை வாட் இழுத்திருக்கும்?"

என் கணவர் கண்ணை மூடினார். "இருபத்து நாலு ஓம். இரண்டாயிரத்து நானூறு வாட்."

நான் நாற்காலியிலிருந்து விழாதது பெரிய விஷயம். மனக்கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரி! இரண்டும் சரி!

"பிரமாதம்! ஓட்டல் எலக்ட்ரீஷியனும் இதையேதான் சொன்னார்," என்றார் அதிகாரி. இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அந்த ஜக்கையே இவர்தான் கண்டுபிடித்தது போல ஒரு சிரிப்பு.

அதிகாரி அதோடு விட்டிருக்கலாம். மேஜை விளக்கைக் காட்டினார். "இது 240 வோல்ட்டில் கால் ஆம்ப் எடுக்கிறது. இதற்கு?"

"இருபத்து நாலு ஓம். இரண்டாயிரத்து நானூறு வாட்."

அதிகாரி விளக்கைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார். பேனாவின் மூடியைத் திறந்து எங்கள் ஃபாரத்தின் மேல் குனிந்தார்.

"தொள்ளாயிரத்து அறுபது ஓம், அறுபது வாட்," என்றேன் நான். வாய் தானாகத் திறந்துகொண்டது. "ரெண்டாயிரத்து நானூறு இழுத்தால் அது விளக்கு இல்லை சார், அடுப்பு."

"அப்படியானால் என் அயர்ன் பாக்ஸ் ஏன் கருகியது, சொல்லுங்கள்."

"சுருள் அதே இருபத்து நான்கு ஓம்தான். வோல்ட் இரண்டு மடங்கானதால் ஆம்பும் இரண்டு மடங்கு, ஐந்து பத்தாகிவிட்டது. இரண்டையும் பெருக்கினால் நாலு மடங்கு. அறுநூறு வாட் தாங்கும் சுருளில் இரண்டாயிரத்து நானூறு."

"உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. "அந்தக் கடையில் பதினொரு வருஷம் வேலை செய்தது நான். அந்த லெட்டர் பொய்," என்றேன். சூட்டுத் தழும்பு விழுந்த விரல்களை மேஜைமேல் நீட்டினேன். பல்ராம் தலையைக் குனிந்துகொண்டார்.

அதிகாரி ஃபாரத்தின் குறுக்கே கோடு போட்டார். என் உயிர் போய்த் திரும்பி வந்தது, ஏனென்றால் மேஜை இழுப்பறையிலிருந்து புது ஃபாரம் ஒன்றை எடுத்து நேராக என்னிடம்தான் நீட்டினார். "உங்கள் பெயரில் எழுதுங்கள். கடைக்காரரின் உண்மையான கடிதம் வெள்ளிக்கிழமைக்குள் வர வேண்டும். இன்னொரு பொய் வந்தால் கதவு சாத்திவிடும். விசாவுக்கு நான் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் உங்களைப் போன்றவர்கள் அங்கே தேவை."

ஓட்டல் வாசல் சோபாவில் உட்கார்ந்து பேனாவை எடுத்தேன். முதல் வரியில் அஞ்சலை என்று வரி நிறையப் பெரிதாக எழுதினேன். சந்தோஷத்தில்தான். அதற்குக் கீழே, விண்ணப்பதாரரை நம்பி வருகிறவர்கள் பெயருக்கு இரண்டு வரி. மகளின் பெயரை எழுதப் பேனாவை வைத்தேன்.

அதுவரை உம்மென்று இருந்த என் கணவர் மெதுவாக நகர்ந்து பக்கத்தில் வந்தார்.

"அஞ்சல, என்னை ஷீனலுக்கு மேலயாவது எழுதேன்."

எழுதுவதாகத்தான் இருந்தேன். ஆனாலும் உடனே எழுதவில்லை. பேனாவை மூடி, ரொம்ப யோசிப்பது போலக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.